தடை எங்கே?

தமிழ்நாட்டின் வடபால், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக விளங்குவது சவ்வாது மலை. சந்தன மரத்திற்கும் சாமைக்கும் தேனுக்கும் பெயர் பெற்ற அம்மலையில், மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். மலையின்மேல், ஆலங்காயத்திற்கு அருகே, காவலூர் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. நகரத்து விளக்கொளியும் புகையும் எட்டாத அவ்விடத்தை வானியல் அறிஞர் வைணு பாப்பு, 1960-களில் வானாய்வுக்கெனத் தேர்ந்தெடுத்தார். 1972-ஆம் ஆண்டில் ஒரு மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருந்திய தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டது. இன்று அந்த நிலையம் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

1977-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் இரவு, யுரேனசு என்னும் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னே கடந்து செல்லும் என்பது முன்னரே கணக்கிட்டு அறியப்பட்டிருந்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி ஆகிய இருவரும் அந்த விண்மீனைத் தொலைநோக்கியின் வாயிலாக நோக்கியிருந்தனர். கோள் இன்னும் விண்மீனை நெருங்கவில்லை. ஆயினும், விண்மீனின் ஒளி திடீரெனச் சில விநாடிகள் மங்கி மீண்டும் தெளிந்தது.

ஒளி தடைப்பட்டது எங்கே? கருவியில் பழுதா? மலைமேல் தவழ்ந்த மெல்லிய மேகமா? அன்றி, நெடுந்தொலைவில் கோளுக்கு அருகே ஏதேனும் குறுக்கிட்டதா? விண்மீனிலிருந்து கண்வரை ஒளி கடந்து வந்த வழி முழுவதும் ஐயத்திற்கு உரியதே. காவலூர் அறிஞர்கள் அதனைப் பழுதென்று ஒதுக்கிவிடவில்லை. யுரேனசைச் சுற்றும் புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கிட்டது எனக் கருதி வெளியிட்டனர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின்மேல் பறந்த ஓர் அமெரிக்க ஆய்வு விமானத்தில் இருந்தவர்களும், கோள் விண்மீனை மறைப்பதற்கு முன்னும் பின்னும் ஒளி பலமுறை மங்கக் கண்டனர். காவலூரின் மேகம் கடலின்மேல் பறக்கும் விமானத்தை மறைக்குமோ? விமானத்துக் கருவியின் பழுது காவலூரில் தோன்றுமோ? ஒன்றையொன்று சாராத இரு சான்றுகள் ஒத்துப் பேசின. ஆதலின் தடை கோளுக்கு அருகிலேதான் என்பது உறுதியாயிற்று. கோளின் இருபுறமும் மங்கல் ஒரே சீராக அமைந்திருந்தமையால், குறுக்கிட்டவை யுரேனசைச் சூழ்ந்த வளையங்கள் என்பதும் புலனாயிற்று.

அந்த இரவில் எழுந்த கேள்வி வானியலார்க்கு மட்டும் உரியதன்று. கணினியும் கணினியும் பேசிக்கொள்ளும் இக்காலத்தில், செய்தி நடுவழியில் நின்றுவிடும்போதெல்லாம் அதே கேள்வியே எழுகின்றது. தடை எங்கே?

அதே மலையின்மேல் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியில் நிகழ்ந்ததாக ஒரு நிகழ்ச்சியை எண்ணிக் கொள்க. நிகழ்ச்சி புனைந்தது, ஆயின் அதில் வரும் பழுதுகள் ஒவ்வொன்றும் உலகில் நாள்தோறும் நிகழ்பவை.

கோடை விடுமுறை முடியவில்லை. முந்திய நாள் இரவு வீசிய காற்றில் மரம் முறிந்து விழுந்து, மின்சாரம் நின்றுவிட்டது. யு.பி.எஸ். பெட்டியின் துணையால் கணினி அறையில் ஒரே ஒரு கணினியும், ரவுட்டர் எனப்படும் வழிகாட்டிப் பெட்டியும் மட்டும் இயங்குகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மாணவி ஒருத்தி, மேற்படிப்புக்கு விண்ணப்பம் செலுத்த வந்திருக்கின்றாள். அன்று மாலை 5 மணியோடு விண்ணப்பிக்கும் காலம் முடிகின்றது. போளூருக்கு இறங்கும் பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்தில் சென்றால் பொழுது சாய்ந்துவிடும். கைப்பேசிகளிலும் அன்று அலை இல்லை. அவள் குடும்பத்தில் மலையிறங்கிக் கல்லூரிக்குச் செல்ல எண்ணிய முதல் பெண் அவளே.

விண்ணப்பத் தளத்தின் பெயரை அவள் எழுதினாள். தளம் திறக்கவில்லை. திரையில் ஆங்கிலத்தில் நீண்டதோர் எச்சரிக்கை தோன்றியது. அதனை எவரும் முழுவதும் படிக்கவில்லை. உடன் வந்த மாணவர் இருவருள் ஒருவன் கணினியின் பின்புறத்துக் கேபிளைப் பிடுங்கிச் செருகினான். மற்றவன் ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்கினான். இப்போது திரையில் வேறொரு செய்தி தோன்றியது; இணைப்பே இல்லை என்றது அது. கணினி ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது மூவரும் ஒரே குரலில், "நெட் போய்விட்டது, ஐயா" என்றனர்.

"போய்விட்டது சரி; எங்கே போயிற்று?" என்றார் ஆசிரியர்.

நகைச்சுவைக்காக அவர் அவ்வாறு கேட்கவில்லை. இணையத்தில் ஒரு செய்தி செல்லும் முறையை அறிந்தவர்க்கு அக்கேள்வியின் பொருள் விளங்கும். கணினியிலிருந்து புறப்படும் செய்தி சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் சேருமிடத்தின் எண்ணும் அனுப்பியவரின் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். அவ்வெண்ணுக்கு ஐ.பி. முகவரி என்று பெயர். அஞ்சல் நிலையம் ஒவ்வொன்றும் கடிதத்தை அடுத்த நிலையத்திற்கு அனுப்புவதுபோல, வழியிலுள்ள ரவுட்டர் ஒவ்வொன்றும் பொட்டலத்தை அடுத்த ரவுட்டருக்குத் தள்ளிவிடுகின்றது. வழி முழுவதையும் அறிந்தவர் எவரும் இலர். அடுத்த அடி யாது என்பது மட்டுமே ஒவ்வொருவருக்கும் தெரியும். எனவே "நெட் போய்விட்டது" என்பது, "கடிதம் வரவில்லை" என்பது போன்றதே. கடிதம் எழுதப்படவில்லையா, அஞ்சற்பெட்டியில் போடப்படவில்லையா, முகவரி தவறா, அல்லது அஞ்சற்காரர் வீட்டைக் கண்டுபிடிக்கவில்லையா என்பதை அச்சொல் உணர்த்தாது.

ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கோடு வரைந்தார். கோட்டின் ஒரு முனையில் கணினி, அடுத்துக் கேபிள், அடுத்து ரவுட்டர், அதன்பின் மலையடிவாரத்திற்கு இறங்கும் கம்பி, பின்னர் இணையச் சேவை நிலையம், மறுமுனையில் விண்ணப்பத் தளம். "இனி எவரும் எதையும் தொட வேண்டா. அருகிலிருந்து தொலைவுக்குப் போவோம்" என்றார்.

முதலில் அவர் கணினியின் பின்புறத்தைப் பார்த்தார். கேபிள் செருகும் துளையின் அருகே எரிய வேண்டிய சிறு விளக்கு எரியவில்லை. கேபிள் முனையிலுள்ள பிளாஸ்டிக் நாக்கு சரியாகப் பொருந்தாமல் நின்றது. அழுத்தியவுடன் "டக்" என்ற ஒலி கேட்டது, விளக்கும் எரிந்தது. பெரும்பெரும் நிறுவனங்களில்கூட அறிஞர் பலர் கூடிப் பல மணி நேரம் ஆராய்ந்த பழுது, இறுதியில் கழன்ற கேபிளாக முடிவதுண்டு. எளியதை முதலில் பார்ப்பதற்கு வெட்கப்படுகின்றவன் வலையமைப்பில் நெடுநேரம் அலைவான்.

அடுத்து, கணினிக்கு உரிய எண் யாது என்று பார்த்தார். 169.254 எனத் தொடங்கும் எண் ஒன்று தோன்றியது. கேபிள் பொருந்தியவுடன் கணினி, "எனக்கு ஓர் எண் வழங்குவார் உளரோ?" என்று வலையமைப்பை நோக்கிக் கேட்கின்றது. ரவுட்டர் அதற்கு எண் வழங்கும். எவரும் விடை தாராவிடில், கணினி 169.254 எனத் தொடங்கும் எண் ஒன்றைத் தானே சூட்டிக்கொள்ளும். அவ்வெண்ணைக் கொண்டு வெளியுலகோடு பேச இயலாது. எனவே அந்த எண்ணே ஒரு வாக்குமூலம்: "நான் கேட்டேன்; விடை வரவில்லை" என்பது அதன் பொருள். ரவுட்டர் அணைந்து விழித்தெழுந்து கொண்டிருந்த வேளையில் கணினி கேட்டிருக்கின்றது. ஆசிரியர் மீண்டும் கேட்கச் செய்தார், 192.168.1.7 என்னும் எண் கிடைத்தது. இதுவரை களைந்த இரண்டு பழுதுகளும் மாணவர் இருவரின் அவசரத்தால் விளைந்தவை என்பதை அவர்கள் உணர்ந்தனர். கேபிளைப் பிடுங்கியவன் தலை கவிழ்ந்தான். உண்மையான பழுது இன்னும் அப்படியே இருந்தது.

அடுத்து ஆசிரியர் கையாண்டது பிங் என்னும் சிறு கருவிநிரல். அதன் பிறப்பு சுவையானது. 1983-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்கத் தரைப்படையின் எறிபடை ஆய்வுக்கூடத்தில் வலையமைப்பு விந்தையான முறையில் தடுமாறியது. அங்குப் பணிபுரிந்த மைக் மூசு என்பவர், அத்தடுமாற்றத்தை ஆராய்வதற்காக ஒரு மாலைப் பொழுதில் அந்நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல் ஒலியலையை விடுத்து, எதிரொலி மீளும் நேரத்தைக் கொண்டு தடையை அறியுமன்றோ? அந்த ஒலியையே அவர் தம் நிரலுக்குப் பெயராக வைத்தார். ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, மறுமுனை அதனைத் திருப்பி அனுப்புகின்றதா, எத்துணை நேரத்தில் அனுப்புகின்றது என்று காண்பதே அதன் தொழில். அதுவே தம் வாழ்வின் பெயர்பெற்ற செயலாகும் என்று முன்னரே அறிந்திருந்தால், இன்னும் இரண்டொரு நாள் அதற்காக உழைத்திருக்கக்கூடும் என்று அவர் பின்னாளில் நகைப்போடு எழுதினார். அவர் சொல்லி மகிழ்ந்த கதை ஒன்றும் உண்டு. ஒரு கட்டடத்தில் வலையமைப்பு விட்டுவிட்டு அறுந்துகொண்டிருந்தது. அங்கிருந்த காப்பாளர் ஒருவர், பிங்குக்கு விடை வரும்போதெல்லாம் கணினி "பிங், பிங்" என்று உரக்கக் கூவுமாறு ஒலிபெருக்கியோடு இணைத்தார். பின்னர்க் கட்டடம் முழுவதும் நடந்து, கேபிள் முனை ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்தார். எந்த முனையை அசைத்தபோது கூவல் நின்றதோ, அதுவே பழுது!

ஆசிரியர் முதலில் 127.0.0.1 என்னும் எண்ணுக்குப் பிங் அனுப்பினார். அவ்வெண் எந்தக் கணினியிலும் அதனையே குறிக்கும். தன்னைத் தானே அழைத்துப் பார்ப்பது போன்றது அது. விடை வந்தது. அடுத்து ரவுட்டரின் எண்ணாகிய 192.168.1.1, விடை வந்தது. அடுத்து, மலைக்கு அப்பால் இணையத்தில் பலரும் அறிந்த 8.8.8.8 என்னும் எண். அங்கிருந்தும் விடை வந்தது. கரும்பலகைக் கோட்டில் ரவுட்டரும், அடிவாரக் கம்பியும், சேவை நிலையமும் ஒன்றன்பின் ஒன்றாக ஐயத்தினின்று நீங்கின.

விடை வரும் நேரத்தையும் நோக்க வேண்டும். ஆயினும் தாமதம் எல்லாம் பழுதன்று. இதற்குச் சான்று காவலூர் நிலையத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திடமே உண்டு. இலடாக்கில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஆன்லே என்னுமிடத்தில் அந்நிறுவனம் இரண்டு மீட்டர்த் தொலைநோக்கி ஒன்றை நிறுவியது. கடுங்குளிரும் மூச்சுத் திணறலும் மிக்க அவ்விடத்தில் இரவெல்லாம் அமர்ந்திருப்பது அரிது; ஆதலின் பெங்களூருக்கு அருகிலுள்ள ஓசகோட்டிலிருந்து செயற்கைக்கோள் வழியே இயக்குமாறு அது அமைக்கப்பட்டது. இரண்டு இடங்களுக்கும் இடையே நேர்த்தொலைவு 2,200 கிலோமீட்டர் அளவினதே. ஆனால் நிலைத்த செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. கேள்வி மேலே ஏறி இறங்க வேண்டும். விடையும் மேலே ஏறி இறங்க வேண்டும். நான்கு முறை அவ்வுயரத்தைக் கடக்க ஒளிக்கே ஏறக்குறைய அரை விநாடி ஆகின்றது. அத்தகைய இணைப்பில் அரை விநாடித் தாமதத்தைக் கண்டு கருவிகளைக் கழற்றத் தொடங்குபவன், ஒளியின் விரைவோடு வழக்காடுகின்றான். மாறாக, அடுத்த அறையிலுள்ள ரவுட்டர் விடை தர அரை விநாடி எடுத்தால் கவலைப்படத்தான் வேண்டும்.

நிற்க. எண்கள் விடை தருகின்றன. பெயர் விடை தருகின்றதா? மனிதர் நினைவில் வைப்பது பெயரை. பொட்டலம் வேண்டுவது எண்ணை. இரண்டையும் பொருத்தும் பட்டியல் தொடக்கத்தில் ஒரே கோப்பாக அமெரிக்காவில் ஓர் ஆய்வு நிலையத்தில் பேணப்பட்டது. கணினிகள் பெருகியபோது ஒரு பட்டியலால் தாங்க இயலவில்லை. 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிசு என்பவர், அப்பொறுப்பைப் பல நிலையங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் டி.என்.எஸ். என்னும் அமைப்பை வகுத்தார். எண்ணுக்கு விடை வந்து, பெயருக்கு மட்டும் விடை வாராதாயின் பழுது அந்த அமைப்பில் உள்ளது என்று துணியலாம். பள்ளியிலோ, தளத்தின் பெயரைக் கேட்டவுடன் எண் சரியாகவே கிடைத்தது. அவ்வெண்ணுக்கு அனுப்பிய பிங்குக்கும் விடை வந்தது. (சில தளங்கள் பாதுகாப்புக் கருதிப் பிங்குக்கு விடை தருவதில்லை, எனவே விடை வாராமையை மட்டும் கொண்டு தளம் செத்துவிட்டதென்று முடிவு கட்டலாகாது.)

ஆயினும் விண்ணப்பத் தளம் திறக்கவில்லை. முதலில் தோன்றிய அதே நீண்ட எச்சரிக்கை மீண்டும் தோன்றியது. மணி 4-ஐ நெருங்கியது. யு.பி.எஸ். பெட்டி அவ்வப்போது கூவத் தொடங்கியது.

"கடைசி நாள் ஆயிற்றே, ஐயா, கூட்டம் மிகுதியாக இருக்கும். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் உள்ளே போய்விடலாம்" என்றான் ஒரு மாணவன், சொல்லிக்கொண்டே பொத்தானைப் பத்து முறை அழுத்தினான்.

அவன் சொல்லில் ஓரளவு உண்மை உண்டு; செயலில்தான் தீங்கு உண்டு. 1986-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், கலிபோர்னியாவில் இலாரன்சு பெர்க்கிலி ஆய்வுக்கூடத்திற்கும் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்திற்கும் இடையேயுள்ள இணைப்பு வியப்பூட்டும் வகையில் சீர்குலைந்தது. இரண்டும் 400 கசத் தொலைவில் உள்ளவை. விநாடிக்கு 32,000 பிட்டு அளவில் சென்றுகொண்டிருந்த செய்தி, 40 பிட்டாகச் சுருங்கிற்று. கம்பி அறவில்லை, கருவி எதுவும் கெடவில்லை. வான் சேக்கப்சன் என்பவர் ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. நெரிசலில் பொட்டலங்கள் தொலைந்தன, தொலைந்தவற்றைக் கணினிகள் மீண்டும் அனுப்பின, அதனால் நெரிசல் பெருகிற்று, மேலும் தொலைந்தன, மேலும் அனுப்பின. திருவிழாக் கூட்டத்தில் வாயில் அடைபட்டபோது, பின்னால் நிற்பவர் எல்லாரும் தள்ளினால் என்ன நேருமோ அதுவே நேர்ந்தது. விடை வரும் விரைவை அறிந்து, மெல்லத் தொடங்கி, தொலைவு நேர்ந்தால் உடனே குறைத்துக்கொள்ளும் முறையை அவர் வகுத்து, 1988-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றும் இணையம் நெரிசலில் சிக்கிச் சாயாமல் நிற்பது அத்தகைய முறைகளாலேயே. பொட்டலம் எந்த ரவுட்டர்வரை சென்றது என்று படிப்படியாகக் காட்டும் டிரேசுரூட்டு என்னும் நிரலும் அவர் கையால் ஆனதே.

ஆசிரியர் மாணவனின் கையை மெல்ல விலக்கினார். "கூட்டம் என்றால் தளம் தாமதிக்கும், தம்பி. இங்கோ எச்சரிக்கை உடனே வருகின்றது. கூட்டத்தில் சிக்கியவர் இவ்வளவு விரைவாக விடை சொல்வதில்லை" என்றார்.

மற்ற மாணவன் வேறொரு வாதத்தைக் கொணர்ந்தான். அக்கணினியில், வகுப்பில் லினக்சு பயில்வதற்காக ஒரு மெய்நிகர் கணினி நிறுவப்பட்டிருந்தது. அதனை இயக்கி, அதன் வழியாகவும் தளத்தைத் திறக்க முயன்றான்; அதிலும் அதே வகையான எச்சரிக்கை. "இரண்டு கணினியிலும் திறக்கவில்லை, ஐயா. ஆகவே பழுது தளத்தில்தான்" என்றான்.

மெய்நிகர் கணினி என்பது யாது? ஒரு கணினிக்குள்ளே, நிரலின் வலிமையால் மட்டும் இயங்கும் மற்றொரு கணினி. தனக்கெனச் செயலியும் வட்டும் வலையட்டையும் உண்டென்று அது நம்புகின்றது. உண்மையில் யாவும் இடம் தந்த கணினியின் உடைமைகளே. இக்கருத்து 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் உருவாயிற்று. 1972-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அதனை விற்பனைக்குரிய அமைப்பாக அறிவித்தது. இன்று உலகின் பெருந்தளங்கள் பலவும் இத்தகைய நிழற்கணினிகளிலேயே குடியிருக்கின்றன.

இந்நிழற்கணினி வெளியுலகோடு பேசும் வழி, அதனை எவ்வாறு குடியமர்த்தினோம் என்பதைப் பொறுத்தது. விருந்தினர், வீட்டுக்காரரின் முகவரியிலேயே கடிதம் போக்குவரத்துச் செய்வது ஒரு முறை; அதற்கு நாட் என்று பெயர். அப்போது விருந்தினர் வெளியே பேசலாம். வெளியார் அவரைத் தேடிவர இயலாது. தெருவை நோக்கித் தனி வாயிலும் தனி எண்ணும் தருவது இரண்டாவது முறை. அது பிரிட்ஜ் எனப்படும். வீட்டுக்காரரோடு மட்டும் பேசலாம், வெளியே செல்ல வழியில்லை என்பது மூன்றாவது. நாட் முறையில் வைத்துவிட்டு, அடுத்த கணினியிலிருந்து மெய்நிகர் கணினியை அழைத்து, "விடை வரவில்லையே" என்று மணிக்கணக்கில் வருந்துபவர் பலர். மூன்றாவது முறையில் வைத்துவிட்டு இணையத்தைத் தேடுபவரும் உளர். அங்கெல்லாம் எதுவும் கெடவில்லை. அமைத்தபடியே அது நடக்கின்றது.

இன்னொரு பழுது சற்றுக் கொடியது. ஒரு மெய்நிகர் கணினியைப் படியெடுத்து இரண்டாக்குவது எளிது. படியெடுக்கும்போது வலையட்டையின் அடையாள எண்ணும் அப்படியே படியாகிவிட்டால், ஒரே தெருவில் ஒரே பெயரும் ஒரே கதவு எண்ணும் உடைய இரட்டையர் தோன்றிவிடுவர். கடிதம் ஒரு நாள் இவருக்கும் மறுநாள் அவருக்கும் போகும். இணைப்பு வரும், போகும், மீண்டும் வரும். தனித்தனியே ஆராய்ந்தால் இருவரிடமும் குற்றம் இராது. ஒருவரை நிறுத்தினால்தான் மற்றவரின் நலம் புலப்படும்.

மாணவனின் வாதத்திற்கு ஆசிரியர் உடனே மறுமொழி கூறவில்லை. கரும்பலகைக் கோட்டில் கணினி என்று எழுதிய கட்டத்திற்குள்ளே மற்றொரு சிறு கட்டம் வரைந்தார். பின்னர்க் கேட்டார்: "தம்பி, இவர்கள் இரண்டு சாட்சிகளா, அல்லது ஒரே சாட்சியின் இரண்டு வாய்களா?"

காவலூரில் கண்டதை விமானத்தில் கண்டது உறுதிசெய்தது எதனால்? இரண்டுக்கும் வானம் ஒன்றன்று; கருவி ஒன்றன்று. ஆதலின் இரண்டும் ஒத்தபோது, இரண்டுக்கும் பொதுவான ஒன்றே காரணமாதல் வேண்டும். அப்பொதுப்பொருள் நெடுந்தொலைவில் இருந்தது. பள்ளிக் கணினிக்கும் அதனுள் வாழும் மெய்நிகர் கணினிக்கும் பொதுவானவையோ பல. தளம் பொதுவானதே, ஆனால் கேபிளும் பொது, ரவுட்டரும் பொது, கணினியின் உடலும் பொது. கேபிளும் ரவுட்டரும் நலமாக உள்ளன என்பது முன்னரே தெளிந்தது. எஞ்சியவை இரண்டு: தொலைவிலுள்ள தளம், மிக அருகிலுள்ள கணினியின் உடல்.

"அம்மா, அந்த எச்சரிக்கையில் என்ன எழுதியிருக்கின்றது? மெல்லப் படி" என்றார் ஆசிரியர் மாணவியை நோக்கி.

அவள் ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். தளத்தின் சான்றிதழ் ஏற்கத்தக்கதன்று என்பது முதல் வரி. இன்ன நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும் என்பது அடுத்தது. கணினியின் கடிகாரம் சரியாக உள்ளதா என்று பார்க்கவும் என்பது நான்காவது வரி. அவள் திரையின் வலப்புறக் கீழ்மூலையைப் பார்த்தாள். பின்னர்ச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். சுவரில் மணி 4.20. திரையிலோ 2010-ஆம் ஆண்டு, சனவரித் திங்கள் முதல் நாள்!

கணினியின் உள்ளே காசு போன்ற வட்டமான சிறு பேட்டரி ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோது கணினியின் கடிகாரம் ஓடுவது அதன் வலிமையால். பல ஆண்டு உழைத்த பேட்டரி விடுமுறைக் காலத்தில் ஓய்ந்துவிட்டது. கடிகாரம் தன் தொடக்க நாளுக்கே திரும்பிவிட்டது. மெய்நிகர் கணினியும் தன் நேரத்தை அதே கடிகாரத்திலிருந்து பெறுகின்றது. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும், "நான் இன்னாரே" என்று காட்டும் சான்றிதழ் ஒன்றை நீட்டும். அதில் தொடக்க நாளும் முடிவு நாளும் குறிக்கப்பட்டிருக்கும். 2010-ஆம் ஆண்டில் வாழ்வதாக எண்ணும் கணினிக்கு, அண்மையில் வழங்கிய சான்றிதழ் இன்னும் பிறவாத ஒன்றாகத் தோன்றுகின்றது. ஆதலின் வஞ்சகர் எவரோ நடுவில் புகுந்தனர் என ஐயுற்று அது கதவைச் சாத்துகின்றது. கணினிகள் இணையத்தின் வழியே தம் நேரத்தைத் தாமே திருத்திக்கொள்வதுண்டு. ஆனால் வேறுபாடு பல ஆண்டுகளாயின், அத்தகைய திருத்தத்தையே நம்பாமல் விட்டுவிடும் கணினிகளும் உள.

மாணவி நாளையும் நேரத்தையும் திருத்தினாள். தளம் திறந்தது. மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றையும் ஏற்றுவதற்குச் சற்று நேரம் பிடித்தது. 4.50-க்கு விண்ணப்ப எண் திரையில் தோன்றியது. அவள் அதனைத் தன் கையில் எழுதிக்கொண்டு, பின்னர் நோட்டிலும் எழுதிக்கொண்டாள். சில நிமிடங்களில் யு.பி.எஸ். நீளமாகக் கூவி அணைந்தது.

கேபிளைப் பிடுங்கிய மாணவன் திருப்புளி ஒன்றைத் தேடி எடுத்து, கணினிப் பெட்டியைத் திறந்து, பழைய பேட்டரியைக் கழற்றினான். மறுநாள் முதல் பேருந்தில் போளூருக்குச் சென்று, கடிகாரக் கடை ஒன்றில் அதனைக் காட்டி, அதே அளவில் புதியது ஒன்று வாங்கிவந்தான்.